கடைசற் பட்டறையில் ஒரு முகக்காப்பு

'கடைதல்' என்னும் வினைக்கு அகராதிகள் தரும் பொருள்களுள் இரண்டு, முதற்பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டாதனபோலத் தோன்றும். தயிர் கடைதல் ஒன்று, மரங்கடைதல் மற்றொன்று. அடுக்களைத் தொழிலையும் பட்டறைத் தொழிலையும் ஒரே சொல்லாற் சுட்டியது ஏன் என்று பாலபண்டித வகுப்பு மாணவர் கேட்பதுண்டு. விடை கயிற்றில் உள்ளது. தாய்மார் மத்திற் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக வலிப்பதுபோலவே, மின்சாரம் வாராத காலத்துக் கடைசற்காரரும் மரத்தண்டிற் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மாறி மாறி இழுக்க, மற்றொருவர் உளி பிடித்துக் கட்டிற்காலும் பம்பரமும் கண்டனர். வலிக்குங் கயிறும் சுழலுந் தண்டும் இரண்டிற்கும் பொது. நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலைப் புனையுமிடத்து அதன் காலுக்கு உள்ளியின் திரண்ட வடிவைக் கூறுகின்றது. அவ்வுருட்சி, சுழற்சியும் உளியும் கூடினாலன்றி எளிதில் வாராது என்பது என் எண்ணம்.

இவ்விளக்கத்தை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த எனக்கு, கடைதல் இரண்டிற்கும் உரிய வேறொரு பொதுமை தோன்றவேயில்லை. பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்திற்கு முன் நஞ்சு எழுந்தது என்பது புராணம். மரத்தைக் கடையும்போதும் அவ்வாறு ஒன்று எழுகின்றது. அதனை எனக்குக் காட்டியது நூலன்று. என் அத்தானுடைய இருமல்.

அத்தான் என்பது என் தமக்கையின் கணவரை. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு செம்மண் ஒழுங்கையின் முடிவில் அவருடைய பட்டறை இருக்கின்றது. 2009 ஆம் ஆண்டில் எல்லாரையும்போல எல்லாவற்றையும் விட்டுச் சென்றவர். செட்டிகுளத்து முகாமிலிருந்து 2010 இல் மீண்டபோது வீட்டிற்குக் கூரை இல்லை. கடைசற் பொறியின் இரும்புப் படுக்கை மாத்திரம் கிணற்றடியில் துருவேறிக் கிடந்தது. அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, மோட்டர் ஒன்றைத் தேடிப் பூட்டி மீண்டும் தொழில் தொடங்கினார். கட்டிற்கால், கதிரைக்கால், மாடிப்படித் தூண், இடியப்ப உரல், மத்து, பிள்ளைகளுக்குப் பம்பரம் என அவர் கையில் உருளாத மரமில்லை.

வன்னி மரங்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கினால் நிறுத்துவது அரிது. பாலை, முதிரை, கருங்காலி, சமண்டலை, விண்ணாங்கு, வீரை, யாவறணை! பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய நினைவு இங்கு வளர்ந்தோர் யாவர்க்கும் உண்டு. சங்கநூலிற் பயிலும் 'முதிரை' துவரை, அவரை முதலிய பருப்பினத்தைக் குறிக்கும். வன்னியில் முதிரை என்றாலோ பொன்னிறமும் பட்டின் மினுக்கமும் கொண்ட மரம். ஆங்கிலேயரும் பட்டை நினைந்தே அதற்குப் பெயரிட்டனர். அத்தான் பெரிதும் விரும்பிக் கடைவது இம்மரத்தையே. அதன் பொடி தோலிற் பட்டால் சிலர்க்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில மருத்துவ ஏடுகள் எழுதிவிட்டன. நம்மூர்த் தச்சர் ஏடு படியாமலே இதை அறிவர்.

இக்காலத்தில் காட்டுமரத்தை அனுமதியின்றித் தறித்தல் ஆகாது. ஆதலின் அத்தானிடம் வருவன பெரும்பாலும் இடிந்த வீடுகளின் வளைகளும் நிலைகளும் தூண்களுமே. நாற்பது ஐம்பது ஆண்டு உலர்ந்தவை. பச்சை மரத்தில் உளி பட்டால் நீண்ட சுருளாகச் சீவல் விழும். உலர்ந்து வைரமேறிய மரத்தில் உதிர்வது பொடி. அன்றியும், உளியால் உருவங் கண்டபின் மரம் சுழன்றுகொண்டிருக்கவே அரத்தாளைச் சேர்த்துப் பிடித்து மினுக்குவர். தீங்கின் பெரும்பகுதி இவ்விடத்தே உள்ளது. உளி தருவது சீவல். அரத்தாள் தருவது தூள். முதிரையை மினுக்கும் நாளில் அப்பட்டறை மஞ்சட் பனிமூட்டம்போல இருக்கும். அத்தான் தம் சால்வையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். மாலையில் அதை உதறும்போது எழும் பொடியைப் பார்த்து, இவ்வளவையும் துணி தடுத்துவிட்டதே என்று நாங்கள் மகிழ்ந்ததும் உண்டு.

2020 ஆம் ஆண்டின் மாரியில் அவருக்கு இருமல் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலமாகையால் எல்லாரும் வேறொன்றை அஞ்சினோம். அஃது அன்று என்று தெரிந்தபின் அக்கா ஆடாதோடையும் தூதுவளையும் அவித்துக் கொடுத்தார். இருமலுக்கு ஒரு கணக்கு இருந்தது. கோயிற் கொடியேறிப் பட்டறை பூட்டிக் கிடந்த நாள்களில் அது தணியும்; மீண்டும் திறந்த இரண்டாம் நாள் இரவில் நெஞ்சிற் பூனைக்குட்டி கத்துவதுபோல இழுக்கத் தொடங்கும். இக்கணக்கை எங்களுள் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டவர் ஆசுபத்திரியில் இருந்த ஓர் இளம் மருத்துவர். நாடியைப் பார்க்குமுன்னரே அவர் கேட்ட கேள்வி, "ஐயா என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்பதே.

அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டு மோதெனா நகரில் 1700 ஆம் ஆண்டில் பெர்னார்தினோ இரமத்சீனி என்னும் மருத்துவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்குமாறு கிரேக்க மருத்துவர் விதித்த கேள்விகளோடு, 'உன் தொழில் யாது?' என்பதையும் சேர்த்துக்கொள்க என்று அதில் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அவர் கேள்வி கிளிநொச்சியில் ஒலித்ததைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

மருத்துவர் சொன்னது தொழிலால் வந்த ஈளை என்பது. அதனினும் கொடியது ஒன்றுண்டு என்பதைப் பின்னர் நானே தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஹை வைக்கம் என்னும் ஊர் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. அதனைச் சூழ்ந்த காடுகளிலேயே கடைசற்காரர் தங்கி, வளையும் இளமரமொன்றை வில்லாகவும் காலால் மிதிக்குங் கட்டையை விசையாகவும் கொண்டு பச்சை மரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து ஊருக்கு அனுப்பினர். அவ்வூர்த் தளபாடத் தொழிலாளரிடையே மூக்கின் உட்புழையில் அரிதாகக் காணப்படும் ஒரு புற்றுநோய் மிகுந்திருத்தலை எஸ்மே ஹாட்பீல்ட் என்னும் மருத்துவரும் அவரோடு சேர்ந்தோரும் கண்டு, 1968 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் எழுதினர். 1995 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியான பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. மரம் தூயது, இயற்கையானது, அதன் தூள் என்ன செய்யும் என்பார் உளர். நஞ்சும் இயற்கையானதே.

சால்வை ஏன் காக்கவில்லை? அத்தான் இதனை என்னிடம் கேட்டார். விடை கூற எனக்குத் துணைசெய்தது பழைய தமிழ்க் கணக்கு. கணக்கதிகார வாய்பாட்டில் எட்டு அணு ஒரு கதிரெழு துகள். எட்டுக் கதிரெழு துகள் ஒரு பஞ்சுத்துகள். எட்டுப் பஞ்சுத்துகள் ஒரு மயிர்நுனி. இவ்வாறு நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என அது ஏறிச் செல்லும். விரலிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் இவ்வாய்பாடு இன்றைய அளவைகளோடு பொருந்தாது. கடுகு கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்! ஆயின் மயிர்நுனியிலிருந்து கீழிறங்கினால் ஒரு வியப்பு உண்டு. தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எட்டால் வகுத்தால் பஞ்சுத்துகள் 9 மைக்ரோன் அளவாகும். மீண்டும் எட்டால் வகுத்தால் கதிரெழு துகள் 1 மைக்ரோனைச் சார்ந்து நிற்கும். மூக்கையும் தொண்டையையும் கடந்து நெஞ்சினுட் புகுவன பத்து மைக்ரோனுக்குட்பட்டவை; நுரையீரலின் அடிவரை செல்வன அவற்றினும் மிகச் சிறியவை. ஆகவே பஞ்சுத்துகளும் கதிரெழு துகளுமே அத்தானின் பகைவர். சால்வையின் இழைகளுக்கிடையே உள்ள வெளியோ இவற்றுக்கு இராசபாட்டை. உதறும்போது எழுந்து எங்களை மகிழ்வித்தது பருந்தூள் மட்டுமே.

கூரையின் துளைவழி நுழையும் ஞாயிற்றுக் கதிரில் மிதக்கும் துகளை மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் அண்டங்களுக்கு உவமையாக்கினார். அதே காட்சியை 1870 இல் இலண்டனில் ஜோன் டிண்டல் என்னும் அறிஞர் ஒளிக்கற்றை ஒன்றைக் கொண்டு அவையோர்க்குக் காட்டித் தூசியையும் நோயையும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அத்தானின் பட்டறையிலும் தகரத்தில் ஒரு துளை உண்டு. எறிகணைச் சிதறல் செய்தது. வேலை முடிந்து பொறி நின்று ஒரு மணி நேரம் கழிந்தபின் அத்துளைவழி வந்த கதிரைச் சுட்டி, "பாருங்கோ அத்தான், இன்னும் நிக்குது" என்றேன். பத்து மைக்ரோன் துகள் ஆளுயரத்திலிருந்து நிலத்தை அடையச் சில நிமிடம் போதும்; ஒரு மைக்ரோன் துகளுக்குப் பல மணி நேரம் வேண்டும். அவர் நெடுநேரம் அக்கதிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனடாவிலுள்ள மருமகன் முகக்காப்பு அனுப்பியது 2021 ஆம் ஆண்டின் இறுதியில். அதன் விலையைக் கேட்ட அக்கா, "ஒரு கறவைப் பசு வாங்கியிருக்கலாமே" என்றார். அத்தான் அதைத் தலையில் வைத்துப் பார்த்து, "இதென்ன தம்பி, சந்திரனுக்குப் போறவன் போடுறதோ?" என்று சிரித்தார்.

முகத்தை மூடித் தொழில் செய்தல் புதிதன்று. செந்தூரம் அரைத்த உரோமத் தொழிலாளர், பொடியை மூச்சில் ஏற்காதிருக்க விலங்கின் மூத்திரப்பையை முகத்திற் கட்டிக்கொண்டதைப் பிளினி என்பார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியுள்ளார். அதனோடு விசிறியைச் சேர்த்தது அண்மைக் காலத்து அறிவு. 1970 களில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கென விசிறி பூட்டிய தலைக்கவசம் ஒன்று உருவாயிற்று. மரங்கடைவோர் இன்று அணிவது அதன் வழிவந்ததே.

இதன் இயல்பு எளிது. கவசத்தின் பின்புறத்தில் ஒரு சிறு மோட்டரும் விசிறியும் பற்றரியும் உள. சிலவகைகளில் இவை இடுப்புப் பட்டியில் இருக்க, நெளிகுழாய் வழியே காற்று மேலேறும். விசிறி பட்டறைக் காற்றை இழுத்து, முதலிற் பருந்தூளைத் தடுக்கும் பஞ்சுத் தட்டினூடும், பின்னர் மடிப்பு மடிப்பான நுண்ணிழைத் தாளினூடும் செலுத்துகின்றது. தூய்மையடைந்த காற்று நெற்றியின் மேலாக வந்து, முகக்கண்ணாடியின் உட்புறமாக இறங்கி, தாடையைச் சூழ்ந்த துணி விளிம்பின் வழியே வெளியேறுகின்றது. உள்ளிருந்து வெளிநோக்கி இடையறாத ஓட்டம் இருத்தலால் தூசிக்கு உள்ளே வர வழியில்லை. முகத்தோடு இறுக ஒட்டவேண்டிய மற்ற முகமூடிகள் தாடி வளர்த்தவரிடம் தோற்றுவிடும். இதற்கு அக்குறை இல்லை. ஐயப்ப விரதத்தில் அத்தான் தாடி வைத்திருந்தபோதும் அணிந்தார்.

இறுக்கமின்றி அணியும் இவ்வகைக்கு நிமிடத்திற்கு 170 லீற்றர் காற்றாயினும் வேண்டும் என்பது அமெரிக்க விதி. உழைப்பவரின் மூச்சு நிமிடத்திற்கு 30 அல்லது 40 லீற்றர்தானே, இவ்வளவு எதற்கு என்று எனக்கு ஐயம் எழுந்தது. மூச்சு ஆறுபோல ஒழுகுவதன்று. அலைபோல வந்து போவது. பாரம் தூக்கிய கணத்தில் நெஞ்சு இழுக்கும் வேகம் பன்மடங்காகும். அக்கணத்தில் விசிறி தருவது போதாவிடின், குறையை நெஞ்சு விளிம்பின் வழியே தூசிக் காற்றைக் கொண்டு நிரப்பிவிடும். ஐரோப்பியர் இக்கருவிகளை மூன்று தரமாக வகுப்பர். முதற்றரத்தில் உட்கசிவு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஆயிரத்துக்கு இரண்டு. நன்னூலார் மாணாக்கர் வகையிற் கூறும் இல்லிக்குடத்தை நினைவிற் கொள்க. குடம் எவ்வளவு பெரிதாயினும் ஓட்டையின் அளவே கணக்கு.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

கருவியோடு வந்த கைந்நூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. "மாமா, நீங்கள் தமிழில எழுதிக் குடுங்கோ. அப்பா இங்கிலிசெண்டால் பெட்டியோட வைச்சிடுவார்" என்று மருமகன் தொலைபேசியிற் சொன்னான். பண்டிதருக்கு இதனினும் இனிய வேலை உண்டோ? மூன்று இரவு இருந்து எழுதினேன். சொற்களைக் காண்பதில் எனக்கு ஏற்பட்ட இன்பத்தை மறைப்பானேன்! 'பில்ரர்' என்பதற்கு நன்னூலே கைகொடுத்தது. கடைமாணாக்கனுக்கு உவமையாக அந்நூல் கூறும் 'நெய்யரி', நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே நிறுத்தும் பன்னாடை. மாணாக்கனிடத்தில் இழிவான அக்குணமே இக்கருவியிடத்தில் உயர்வு. ஆகவே நெய்யரிபோல 'வளியரி' என்று ஆக்கினேன். பதினான்கு விதிகளையும் வியங்கோள் வினையில் நிறுத்தி, அழகிய கையெழுத்தில் படியெடுத்து, அத்தானின் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஒன்பதாவது விதி இது: 'வளியரியை அழுத்தக் காற்றினால் ஊதற்க.'

2022 இன் பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். பொறி ஓடாத அந்நேரத்தில் அத்தான் கையாலேயே அரத்தாள் தேய்த்தார். பற்றரிக்கு ஊட்ட மின்சாரம் இல்லை. ஆயினும் கவசத்தை அணிந்தபடியே இருந்தார். விசிறி ஓடாத கவசம் காப்பன்று. விட்ட மூச்சையே மீள இழுக்கச் செய்யும் ஒரு மூடி. இதை என் மூன்றாம் விதி கூறியது; அத்தானும் சொன்னவுடன் விளங்கிக்கொண்டார். நான் மகிழ்ந்தேன். மற்றையவும் விளங்கியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறு ஆண்டு ஆனியில் திருவிழாவிற்குச் சென்றேன். அத்தான் கவசத்தைக் கழற்றியபோது அவர் நரைமீசையில் மஞ்சட் பொடி படிந்திருந்தது. முகக்கண்ணாடியின் உட்புறத்தில் விரலை வைத்தேன், விரல் மஞ்சளாயிற்று. முதல்நாள் இரவு இழுப்பு மிகுந்து ஆசுபத்திரியிற் புகை பிடித்து வந்ததாக அக்கா அப்போதுதான் சொன்னார். தம்பி வரும் நேரத்தில் ஏன் கவலைப்படுத்துவான் என்று மறைத்திருந்தார்களாம்.

"பில்ரரைப் பாத்தனீங்களே?" என்று கேட்டேன்.

"கிழமைக்கொருக்கால் துப்புரவாக்கிறன் தம்பி. நீர் எழுதினபடிதான்."

"எப்பிடி?"

மெருகெண்ணெய் விசிறுவதற்கு அவர் வைத்திருக்கும் கொம்பிறசரின் குழாயை எடுத்துக் காட்டினார். பட்டறையில் உதவிக்கு நிற்கும் பதினேழு வயதுப் பையன் சுவரைச் சுட்டி, "பண்டிதர் ஐயாதானே எழுதினவர், காத்தால ஊதற்கு எண்டு" என்றான்.

ஊதற்க, ஊதற்கு. முன்னது எதிர்மறை வியங்கோள்: ஊதாதொழிக என்பது பொருள். பின்னது ஊதல் என்னும் தொழிற்பெயர் நான்காம் வேற்றுமை ஏற்றது: ஊதும்பொருட்டு என்பது பொருள். இரண்டிற்குமிடையே ஒரு குற்றியலுகரத்தின் தொலைவு. பேச்சுவழக்கிற் காணாத வியங்கோளை அப்பையன் காணாமற் போனதில் வியப்பில்லை. அவன் அறிந்த வடிவாகவே அதைப் படித்தான். வளியரி என்பதும் பில்ரர்தான் என்பதை மட்டும் எப்படியோ சரியாக ஊகித்திருந்தான். எழுத்தறிவற்றவர் என்று எவரையும் குறைகூற இடமில்லை. எழுதியவன் நான்.

தாளை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மடிப்பின் முதுகுகளில் ஊசி குத்தியதுபோல நிரையாகத் துளைகள். நுண்ணிழைத் தாள் மெல்லிய காற்றை வடிக்க அமைந்தது. கொம்பிறசரின் அழுத்தத்தை அது தாங்காது. இன்னும் ஒரு சூழ்ச்சி அதில் இருந்தது. காற்றோட்டம் போதுமா என்று அறியச் சிறு கண்ணாடிக் குழாயும் அதனுள் மிதக்கும் குண்டும் கருவியோடு வந்தன. விசிறியின் காற்றில் வைத்தால் குண்டு கோட்டுக்கு மேல் எழவேண்டும். அத்தான் நாள்தோறும் தவறாமல் இச்சோதனை செய்தார். குண்டு முன்னையினும் உயர எழுந்தது! ஓட்டையாகிவிட்ட தாள் காற்றைத் தாராளமாக விடுமன்றோ? ஆகவே குண்டு தாழ்ந்தால் தாள் அடைத்துவிட்டது அல்லது பற்றரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். உயர்ந்தால் நலம் என்று மட்டும் கொள்ளலாகாது. கண்ணாடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்ப்பதே மறுசான்று.

புதிய தாள் வந்துசேர ஐந்து கிழமை சென்றது. அதுவரை அத்தான் உளி வேலை மட்டும் செய்தார். மினுக்கும் வேலையைக் கைவிட்டார். அந்த ஐந்து கிழமையும் அக்கா என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதுவே பெருந்தண்டனை.

அக்காலத்தில் விடுமுறை நாள்களில் அங்கே சென்று இருந்து, கருவியைப் பேணும் முறையைப் புதிதாகக் கற்றேன். இம்முறை கைந்நூலோடு அத்தானின் கையையும் பார்த்துக் கற்றேன். முன்னே நிற்கும் பஞ்சுத் தட்டை அடிக்கடி மாற்றினால் உள்ளிருக்கும் நுண்டாள் நெடுநாள் உழைக்கும். விலை குறைந்தது பலியாகி விலை கூடியதைக் காக்கின்றது. நுண்டாளைக் கழுவலும் ஆகாது. பல தாள்களின் இழைகளில் நிலைமின் ஏற்றப்பட்டிருக்கும். சீப்பால் தலைவாரியபின் அது கடதாசித் துண்டை இழுப்பதுபோல அவ்விழைகள் துகளை இழுத்துப் பிடிக்கும். நனைந்தால் அவ்வாற்றல் போய்விடும். பார்வைக்குத் தாள் புதிதுபோலவே இருக்கும். முகக்கண்ணாடி உண்மையிற் கண்ணாடியன்று, ஒருவகைப் பிளாத்திக்கு. தின்னர் பட்டால் நுண்வெடிப்புக் கண்டு பலம் இழக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் படிந்திருக்கும் தூளே அரத்தாளாகிக் கீறிவிடும். சவர்க்கார நீரால் மெல்ல அலசி நிழலில் உலர்த்தல் வேண்டும். மேலே ஒட்டும் மெல்லிய மறைதாள் கீறினால் உரித்தெறியலாம். பற்றரியை முற்றாக வடியவிட்டு மாதக்கணக்கில் வைத்தலும், வெயிலில் நிற்கும் வாகனத்துள் விடுதலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

கவசத்தைத் தொங்கவிடும் இடமும் ஒரு செய்தியே. அத்தான் அதைப் பொறிக்கு மேலேயே ஆணியில் மாட்டியிருந்தார். இரவெல்லாம் இறங்கும் கதிரெழு துகள் கவிழ்ந்த கவசத்தின் உட்பட்டியிலும் விளிம்புத் துணியிலும் படிந்து, காலையில் விசிறியைப் போட்டவுடன் நேரே மூக்குக்குச் செல்லும். இப்பொழுது அது மூடியுள்ள பிளாத்திக்கு வாளியில் வீட்டுக்குள் உறங்குகின்றது. பொறி நின்றவுடன் கழற்றும் வழக்கமும் மாறிற்று. கூட்டி அள்ளும் வேளையே தூள் மிகுதியாக எழும் வேளை. ஆதலின் நீர் தெளித்துக் கூட்டி முடித்து வெளியே வந்தபின்னரே கழற்றுகின்றார். வன்னிக் கோடையில் இது சிறுதுன்பமன்று. விசிறி முகத்திற்கு இதந்தரினும் அது தருவது பட்டறையின் வெப்பக் காற்றைத்தானே! நெற்றிப் பட்டி வியர்வையில் ஊறும். அக்கா இரண்டு பட்டி மாறி மாறித் தோய்த்துப் போடுகின்றார்.

இக்கருவி எல்லாவற்றையும் காக்கும் என்று எவரும் எண்ணவேண்டா. தூளுக்கான தாள் தின்னரின் ஆவியைத் தடாது. மெருகெண்ணெய் விசிறும் நாளில் வெளியே காற்றோட்டத்தில் நிற்றல் வேண்டும், அல்லது ஆவிக்கெனச் செய்த வேறு வடி வேண்டும். பொறியிலிருந்து பிடி நழுவிப் பறக்கும் பெருங்கட்டையை முகக்கண்ணாடி தாங்கும் என்பதற்கும் உறுதியில்லை. சிறு துண்டுக்குத் தாங்கும். புதிய தாள் வந்த பின்னர் ஒருநாள், பழைய முதிரை வளையொன்றைக் கடைந்தபோது உளி எதிலோ பட்டு நெருப்புப் பறந்தது; ஏதோ ஒன்று வந்து கண்ணாடியில் மோதி விழுந்தது. குனிந்து எடுத்தோம். விரல்நகத்தளவு எறிகணைச் சிதறல். அதன் தழும்பு வலக்கண்ணுக்கு நேரே மறைதாளில் இருந்தது. அத்தான் அத்தாளை உரித்தெறிய மறுத்துவிட்டார். இன்றும் சுவரில் ஒட்டிவைத்திருக்கின்றார்.

அதன் பக்கத்திலேயே புதிய விதித்தாளும் இருக்கின்றது. அதை நான் இயற்றவில்லை. அத்தான் சொல்ல, பையன் எழுதினான். நான் ஒற்றுப்பிழை திருத்த முயன்றபோது, "வேண்டாம் தம்பி, விடும்" என்று அத்தான் தடுத்துவிட்டார். பதினான்கு விதி ஏழாகச் சுருங்கிவிட்டது. கரியால் பெரிதாக எழுதிய முதல்வரி வாசலிலிருந்தே தெரியும்: 'பில்ரருக்குக் காத்து அடிக்கக் கூடாது. அடிச்சால் பில்ரர் செத்துது.' அதன் கீழே, தாள் மாற்றிய நாள்களைச் சுண்ணக்கட்டியால் நிரையாகக் குறித்துவருகின்றான். சென்ற முறை போனபோது அவ்வரிசையில் ஐந்து தேதிகள் இருந்தன. அக்காவுக்கென்று முதிரையில் ஒரு மத்துக் கடைந்துகொண்டிருந்தார் அத்தான். விசிறியின் இரைச்சலில் நான் வந்ததை அவர் அறியவில்லை.